மரை கழண்ட கேஸ்: கம்ப்யூட்டர் கேபினட்ல ஸ்க்ரூ நிக்காம சுத்திட்டே இருந்தா என்ன பண்ணலாம்

ஸ்க்ரூவை வெச்சுத் திருப்புறீங்க, அது பாட்டுக்கு சுத்துது, சுத்திட்டே இருக்குது, டைட்டே ஆக மாட்டேங்குது, கையை எடுத்தா ஸ்க்ரூடிரைவர் கூடவே கழண்டு வந்துடுது. கேபினட் ஓட்டைல ஸ்க்ரூவைப் புடிக்கிற பல்லு, அதான் மரை, போச்சுன்னா இப்டித்தான் இருக்கும். இந்த நேரத்துல நிறைய பேரு பண்றது ரெண்டே வேலை. ஒண்ணு, ஃபெவிக்விக்கை ஊத்தி ஸ்க்ரூவை அதே இடத்துல சமாதி கட்டிடுவாங்க, இல்லன்னா டப்பாவைக் கொட்டி இன்னும் தடியா ஒரு ஸ்க்ரூவைத் தேடி எடுத்து இருக்குற பலத்தெல்லாம் போட்டு முறுக்குவாங்க. ரெண்டாவது சில இடத்துல வேலைக்காகும், மொதலாவது எங்கயுமே ஆகாது. புது கேபினட் வாங்கலாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒருவாட்டி படிச்சுடுங்க, முக்காவாசி கேஸு ஒரு நட்டு, ஒரு வாஷர் காசுல முடியுற மேட்டருதான்.

மரை நெஜமாவே போச்சா?

எதையும் ட்ரில் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும். கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு விதமான மரை கலந்து கெடக்குது. ஒண்ணு 6-32, இது இன்ச் கணக்கு, குறுக்களவு சுமார் 3.5 எம்எம், ஒரு இன்ச்சுக்கு 32 மரை, அதனால மரைக்கு மரை இடைவெளி கிட்டத்தட்ட 0.8 எம்எம் வரும். இன்னொண்ணு எம்3, குறுக்களவு 3 எம்எம், மரை இடைவெளி 0.5 எம்எம், பாக்கவே பொடிப்பொடியா நெருக்கமா இருக்கும். 1981-ல ஐபிஎம் பீசி வந்த காலத்துல இருந்தே அமெரிக்காக்காரன் இன்ச் கணக்கு இதுக்குள்ள ஒட்டிட்டு இருக்குது, இன்னிக்கு வரைக்கும் நாம ரெண்டையும் ஒரே டப்பால போட்டு வெச்சு அவஸ்தைப்படுறோம்.

எது எங்கன்னா, சைடு கதவு, பவர் சப்ளை, 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுற பின்பக்க ஸ்லாட்டு, இதெல்லாம் பெரும்பாலும் 6-32. 2.5 இன்ச் எஸ்எஸ்டி, டிவிடி டிரைவ் ரெண்டும் எம்3. மதர்போர்டுக்கு அடியில அதைத் தாங்குற குட்டித் தூணு, அதாவது ஸ்டாண்ட்ஆஃப், ரெண்டுலயும் உண்டு, கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால அங்க மட்டும் உஷாரா இருக்கணும். ஃபேனுக்கு வர்ற தடி ஸ்க்ரூ வேற ஜாதி, அது பிளாஸ்டிக்கை தானே அறுத்துக்கிட்டு உள்ள போறது.

கையில இருக்குற ஸ்க்ரூ எதுன்னு தெரியலன்னா சரியான ஸ்க்ரூன்னு உறுதியா தெரிஞ்ச ஒண்ணை எடுத்து ரெண்டையும் பக்கவாட்டுல ஒட்டி வெச்சு வெளிச்சத்துல பாருங்க. ஒண்ணோட பல்லுக்குள்ள இன்னொண்ணோட பல்லு கரெக்டா உக்காந்தா ஒரே மரை. இடையில வெளிச்சம் தெரிஞ்சு வழுக்கிட்டுப் போச்சுன்னா வேற.

இப்ப விஷயத்துக்கு வாங்க. 6-32 ஓட்டைல எம்3 ஸ்க்ரூவை விட்டா, விரலாலயே சுலபமா உள்ள போவும், லொடலொடன்னு ஆடும், டைட் பண்ணா சுத்திட்டே இருக்கும். மரை போன மாதிரியே தெரியும், ஆனா ஓட்டைல ஒரு குறையும் இல்ல, ஸ்க்ரூதான் தப்பு. சரியான 6-32 ஸ்க்ரூவை விட்டா டக்குனு புடிச்சுக்கும், வேலை முடிஞ்சுது, நீங்க வீட்டுக்குப் போலாம். இதுக்கு நேர் உல்ட்டா தான் பேஜாரு. எம்3 ஓட்டைல 6-32 போட்டா ஒரு சுத்து ரெண்டு சுத்து போய் இறுகும், அங்கயே நிறுத்தாம பலம் போட்டு ஓட்டுனா உள்ள இருக்குற பொடி மரை மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடும்.

ஏன் இவ்ளோ சீக்கிரம் போவுது

கேபினட் தகடு ரொம்ப மெல்லிசு. சாதா கேபினட்ல 0.5 எம்எம்ல இருந்து 0.8 எம்எம் வரைக்கும்தான் இருக்கும். 6-32-க்கு ஒரு மரை இடைவெளியே 0.8 எம்எம்னா, அந்தத் தகட்டுல முழுசா ஒரு மரைக்குக் கூட இடமில்ல. அதுக்காக கம்பெனில ஓட்டையைக் குத்தும்போதே தகட்டை உள்பக்கமா இழுத்து ஒரு சின்ன கழுத்து மாதிரி பண்ணி அதுக்குள்ள மரை போடுவாங்க. ஓட்டையோட பின்பக்கம் விரலை வெச்சுத் தடவினா அந்தக் கழுத்து தட்டுப்படும். அந்த ரெண்டு மூணு மரைதான் உங்க சைடு கதவையும் கிராஃபிக்ஸ் கார்டையும் புடிச்சுட்டு நிக்குது. கார்ட்லெஸ் ட்ரில்லுல டர்ர்ருனு ஏத்துனா அந்த ரெண்டு மரையும் ஒரு செகண்டுல பணால்.

இன்னொண்ணு, ஸ்க்ரூ கோணலா ஏறுறது. நேரா நிக்காம சாஞ்சு மாட்டிக்கிட்டா பழைய மரைக்கு குறுக்க புதுசா ஒண்ணை அறுத்துடும். அப்பால நம்ம வட சென்னைப் பக்கத்துக்குன்னே இருக்குற ஒரு தொல்லை, உப்புக் காத்து. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலை ஒட்டி வீடு இருந்து ஜன்னல் ஓரமா கம்ப்யூட்டரை வெச்சிருந்தா ஸ்க்ரூவும் ஓட்டையும் சேந்து துருப்புடிச்சு ஒண்ணா ஒட்டிக்கும், அதைப் பலமா கழட்டும்போது ஸ்க்ரூ வெளிய வர்றப்ப மரையையும் பேத்துக்கிட்டு வரும். கழட்டுன ஸ்க்ரூவோட பல்லு இடுக்குல மினுக்குன்னு சுருளா ஒரு கம்பி மாதிரி சுத்தியிருந்தா அதுதான் உங்க ஓட்டைல இருந்த மரை.

எல்லா ஓட்டையையும் சரி பண்ணணும்னு இல்ல

சைடு கதவுக்குப் பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ, அதுல ஒண்ணு நல்லா நிக்குதுன்னா இன்னொண்ணை அப்படியே விட்டுடுங்க, கதவு எங்கயும் ஓடிடாது. எஸ்எஸ்டிக்கு ரெண்டு ஸ்க்ரூ நின்னா போதும், அதுக்குள்ள சுத்துற பொருள்னு ஒண்ணுமே இல்ல. ஆனா கண்டிப்பா சரி பண்ணியே ஆகணும்னு மூணு இடம் உண்டு: வெயிட்டான கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுற ஸ்லாட்டு, பவர் சப்ளையோட நாலுல ரெண்டுக்கு மேல போயிருந்தா அது (அதுக்கு மட்டும் வழி வேற, பின்னாடி சொல்றேன்), அப்பறம் மதர்போர்டு ஸ்டாண்ட்ஆஃப். ஏடிஎக்ஸ்னு சொல்ற முழு சைஸ் மதர்போர்டுக்கு ஒம்பது ஸ்க்ரூ வரும், அதுல நடுவுல ஒண்ணு போனாக் கூட ஓட்டிடலாம், ஆனா ராம் மாட்டுற பக்கமோ பெரிய பவர் கேபிள் சொருகுற பக்கமோ இருக்குற மூலை போச்சுன்னா, ஒவ்வொரு வாட்டி அழுத்தும்போதும் போர்டு வளையும். அது நல்லதுக்கில்ல.

கையை வைக்கிறதுக்கு முன்னாடி

வயரை சுவத்துல இருந்து புடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு பத்து செகண்டு அழுத்திப் புடிச்சா உள்ள தங்குன கரண்டு இறங்கிடும். ஸ்க்ரூ மாத்திப் பாக்குறதுக்கு இது போதும். ஆனா அரம், ட்ரில்லு, மரை அறுக்குற டேப்பு எதையாவது எடுக்கப் போறீங்கன்னா உள்ள இருக்குற எல்லாத்தையும் வெளிய எடுத்தே ஆகணும், மதர்போர்டு உள்பட. சோம்பேறித்தனமா மேல ஒரு துணியைப் போத்திட்டு ட்ரில் போடுறவங்க இருக்காங்க. இரும்புத்தூள் துணி இடுக்குல பூந்து போய் சிபியூ சாக்கெட்டுல விழுந்துச்சுன்னா கேபினட் ரிப்பேரு மதர்போர்டு ரிப்பேரா மாறிடும். கண்ணாடிக் கதவு இருந்தா அதையும் கழட்டி சுவரோரமா, தரையில நேரடியா வைக்காம துணி மேல வைங்க, டைல்ஸ் மேல கண்ணாடி முனை பட்டா தூளாயிடும்.

கழட்டும்போதே போட்டோ எடுத்துக்கோங்க, முக்கியமா முன்பக்க பவர் சுவிட்சு, எல்இடி வயர் எங்க சொருகியிருந்துச்சுன்னு.

மொதல்ல சின்ன வைத்தியம்

பாதி போன மரைக்கு இது. ஸ்க்ரூவை ஓட்டைல வெச்சு, லேசா அழுத்திக்கிட்டே பின்பக்கமா, அதாவது கழட்டுற பக்கமா மெதுவா சுத்துங்க. ஒரு இடத்துல டிக்னு இறங்குற மாதிரி ஒரு உணர்வு கையில வரும். அங்கதான் பழைய மரையோட ஆரம்பம் இருக்குது. அங்க இருந்து விரலாலயே முன்னாடி திருப்புங்க, ஸ்க்ரூடிரைவர் வேணாம். கோணலா ஏறுனதால வந்த பிரச்சனைன்னா பாதிக்கு மேல இதுலயே சரியாயிடும். நான் நல்ல ஓட்டைல கூட இப்டித்தான் ஸ்க்ரூ போடுவேன், பழக்கமாயிடுச்சு.

அதுவும் புடிக்கலன்னா, அதே சைஸுல கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போட்டுப் பாருங்க. குட்டை ஸ்க்ரூ கழுத்தோட மேல் மரையை மட்டும்தான் புடிச்சிருக்கும், அடி மரை புதுசாவே இருக்கலாம். ஆனா பின்னாடி என்ன இருக்குதுன்னு பாத்துட்டுப் போடணும், நீள ஸ்க்ரூ போய் எதையும் முட்டக் கூடாது.

மூணாவதா, தகடு மட்டும் இருக்குற இடத்துல ஃபேன் ஸ்க்ரூவை ஏத்திப் பாக்குறது. நல்லா புடிக்கும், பொய் சொல்ல மாட்டேன், ஆனா அது ஒருவழிப் பாதை, அப்பறம் அந்த ஓட்டைல வேற ஸ்க்ரூ நிக்காது, நாலஞ்சு வாட்டி கழட்டி மாட்டுனா அதுவும் லூஸாயிடும். சைடு கதவு மாதிரி அடிக்கடி தொறக்குற இடத்துக்கு வேணாம்.

செம்புக் கம்பி இழை ஒண்ணை ஓட்டைல வெச்சு மேல ஸ்க்ரூவை முறுக்குறது பழைய எலக்ட்ரீஷியன் டெக்னிக்கு. சுவிட்சு பாக்ஸுக்கு சரி. கம்ப்யூட்டருக்குள்ள வேண்டவே வேணாம், அந்த இழை ஒடஞ்சு போர்டு மேல விழுந்தா ஷார்ட்டு.

பின்னாடி நட்டு வைக்கிறது

என்னைக் கேட்டா ஓட்டையோட பின்பக்கம் கை போவுற இடத்துல எல்லாம் இதைத்தான் பண்ணணும், வேற எதையும் யோசிக்கவே வேணாம். போன மரையை நம்பாம நட்டை நம்புறோம், அவ்ளோதான். 6-32 நட்டு நம்ம ஊரு ஹார்டுவேர் கடைல சுலபமா கெடைக்காது, அதனால எம்3-க்கே மாறிடுங்க. எம்3 நட்டு, வாஷர், 8 இல்ல 10 எம்எம் நீள ஸ்க்ரூ எல்லாக் கடைலயும் உண்டு. 6-32 மரை வழிச்சுப் போன ஓட்டைல 3 எம்எம் ஸ்க்ரூ தாராளமா நுழையும், இடிச்சுதுன்னா 3.2 எம்எம் பிட்டு வெச்சு ஒருவாட்டி விட்டு எடுத்தா போதும்.

சும்மா நட்டைப் போட்டு டைட் பண்ணாலே நிக்கும். ஆனா ஒவ்வொரு வாட்டி கதவைத் தொறக்கும்போதும் பின்னாடி கையை விட்டு நட்டைப் புடிக்க முடியாது, அதனால நட்டை அங்கயே ஒட்டி வெச்சுடணும். அதை எப்படிப் பண்றதுன்னா,

மொதல்ல பின்பக்கம் அந்தக் கழுத்து துருத்திட்டு இருக்கும்ல, அது இருந்தா நட்டு சமமா உக்காராது. சின்ன அரத்தால அதைத் தேச்சு தகட்டோட சமமாக்கிடுங்க. அந்த இடத்துல பெயிண்ட் இருந்தா 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியுற வரைக்கும் சொரண்டுங்க. இதை விட்டுட்டு பெயிண்ட் மேலயே ஒட்டுனா பசை பெயிண்டைத்தான் புடிக்கும், பெயிண்ட் தகட்டை விட்டு உரிஞ்சு வந்துடும், நட்டு கேபினட்டுக்குள்ள உருண்டு ஓடும். சொரண்டுன இடத்தை தின்னர் தொட்ட துணியால தொடச்சு காய விடுங்க. நட்டையும் தொடச்சுடுங்க, புது நட்டுல எண்ணெய் பூசியிருக்கும்.

அடுத்து ஸ்க்ரூவோட மரை முழுக்க மெழுகுவத்தியைத் தேய்ங்க, பல்லு இடுக்கெல்லாம் மெழுகு ரொம்பணும். வாஸ்லினும் ஓகே, ஆனா அது தகட்டுல ஈஷிக்கிட்டா பசை ஒட்டாது, மெழுகுன்னா அந்தத் தொல்லை இல்ல. இப்ப ஸ்க்ரூவை வெளிப்பக்கத்துல இருந்து விட்டு பின்னாடி நட்டை மாட்டி, கையால டைட் பண்ணுங்க. ஸ்க்ரூ இருக்குறதுனால நட்டு தானா நடு சென்டருக்கு வந்துடும்.

அரால்டைட் ரெண்டு டியூபையும் சம அளவு எடுத்து ஒரு பிளாஸ்டிக் மூடில ரெண்டு நிமிஷம் நல்லா கலக்குங்க, ஒரே கலரா வரணும். ஊதுபத்திக் குச்சி முனையால எடுத்து நட்டோட ஆறு பக்கத்தையும் சுத்தி, தகட்டோட சேர்ற மாதிரி பூசுங்க. நட்டு தலைக்கு மேல, ஸ்க்ரூ வெளிய வர்ற எடத்துல மட்டும் பூசாதீங்க, அங்க பூசுனா ஸ்க்ரூவும் சேந்து ஒட்டிக்கும். பூசுன பக்கம் மேல வர்ற மாதிரி கேபினட்டைப் படுக்க வெச்சுடுங்க, இல்லன்னா பசை வழிஞ்சு இறங்கிடும். அஞ்சு நிமிஷத்துல இறுகுற டைப்பும் கடைல இருக்குது, அவசரம் இல்லன்னா பழைய ஸ்லோ டைப்பே வாங்குங்க, புடிப்பு அதுலதான் ஜாஸ்தி. ஒரு நாள் முழுசா விட்டுடுங்க. நடுவுல போய் கையால நோண்டிப் பாக்குற பழக்கம் இருக்குறவங்க கேபினட்டை பரண் மேல வெச்சுடுங்க.

மறுநாள் ஸ்க்ரூவைக் கழட்டும்போது மொதல் கால் சுத்து டக்னு ஒரு சத்தத்தோட விடும், அது மெழுகு விடுற சத்தம், பயப்பட வேணாம். அதுக்கப்பறம் நல்ல ஓட்டை மாதிரியே ஏறி இறங்கும்.

எம்சீல் போடலாமான்னு கேப்பீங்க. போடலாம், ஆனா பெசஞ்சு வைக்கிற எடத்துல கெட்டியா குவிஞ்சு நிக்கும், கேபினட்டுக்குள்ள இடம் இருந்தா சரி. மரை போன ஓட்டையையே எம்சீலால அடைச்சு, அதுக்குள்ள மரை உருவாக்குறதும் உண்டு, சைடு கதவு மாதிரி வெயிட் இல்லாத எடத்துக்கு மட்டும்.

டேப் போடுறது

பின்பக்கம் கை போகாத இடம், இல்ல நட்டு வெச்சா எதையாவது இடிக்கிற இடம், அங்க டேப்புதான் வழி. டேப்புன்னா மரை அறுக்குற டூல். நம்ம அதிர்ஷ்டம், சைஸுங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா படிக்கட்டு மாதிரி அமைஞ்சிருக்குது. எம்3 மரை போன ஓட்டை கிட்டத்தட்ட 3 எம்எம்முக்கு உள்ளதான் இருக்கும், 6-32 டேப்புக்கு வேண்டிய ஓட்டை 2.7, 2.8 எம்எம், அதனால எம்3 போன எடத்துல கொஞ்சமாவது சதை மிச்சம் இருந்தா 6-32 போட்டுடலாம். 6-32 போன ஓட்டை 3.3 எம்எம் வாக்குல நிக்கும், எம்4 டேப்புக்கு வேண்டிய ஓட்டையும் கரெக்டா 3.3. அப்ப ட்ரில்லே இல்லாம நேரா எம்4 டேப்பை விட்டா புதுசா மரை விழுந்துடும்.

மரை முழுசா போகல, கோணலா நசுங்கி மட்டும் இருக்குதுன்னா பெரிய சைஸுக்குப் போக வேணாம், அதே 6-32 டேப்பை ஒருவாட்டி விட்டு எடுத்தா பழைய மரை சுத்தமாயிடும்.

டேப்பு எங்க கெடைக்கும்னா பாரிஸ் கார்னர்ல இறங்கி பிராட்வே, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் டூல்ஸ் கடைங்களைப் பாருங்க. எம்3, எம்4 கேட்ட உடனே எடுத்துக் குடுப்பாங்க. 6-32 கேக்கும்போது "அண்ணே, சிக்ஸ் தர்ட்டி டூ, யூஎன்சி, ஹேண்ட் டேப்பு"ன்னு முழுசா சொல்லுங்க. "சாம்பிள் எடுத்தாந்தியா தம்பி?"ன்னுதான் மொதல் கேள்வி வரும். சட்டைப் பாக்கெட்டுல ஒரு நல்ல ஸ்க்ரூவைப் போட்டுட்டுப் போனா பேச்சே வேணாம், அவங்களே நட்டுல மாட்டிப் பாத்து சொல்லிடுவாங்க. டேப்பு மூணு பீஸ் செட்டா வரும், நமக்கு முனை நல்லா கூம்பா இருக்குற மொத பீஸ் ஒண்ணு போதும். கூடவே ஒரு சின்ன டேப் ஹேண்டில்.

வேலை இப்டி. டேப்பு முனைல ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய், இல்லன்னா தேங்காண்ணெய் விட்டுக்கோங்க. தகட்டுக்கு நேர் செங்குத்தா நிக்குதான்னு முன்பக்கத்துல இருந்து ஒருவாட்டி, பக்கவாட்டுல இருந்து ஒருவாட்டி பாருங்க. மொத ரெண்டு சுத்துக்கு லேசா அழுத்தணும், அதுக்கு மேல அதுவே தன்னை உள்ள இழுத்துக்கும், நீங்க சுத்த மட்டும் செஞ்சா போதும். அரை சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, திரும்ப அரை சுத்து முன்னாடி. பின்னாடி சுத்தும்போது பொசுக்குனு ஒரு சின்ன விடுதல் கையில தெரியும், அதுதான் அறுந்த இரும்புச் சீவல் ஒடையுறது. அது தெரியாம முன்னாடியே ஓட்டிட்டுப் போனா சீவல் அடைச்சுக்கிட்டு டேப்பு இறுகும். இறுகுனா பலம் போடாதீங்க, டேப்பு கண்ணாடி மாதிரி, வளையாது, ஒரேயடியா ஒடையும், ஒடஞ்சு உள்ள மாட்டுன டேப்பை ட்ரில் பிட்டாலயும் தோண்ட முடியாது. இதே காரணத்துக்காகத்தான் டேப்பை ட்ரில் மிஷின்ல மாட்டாதீங்கன்னு சொல்றது.

எம்4-க்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு செக் பண்ணணும். மேல வர்ற பொருளோட ஓட்டைல எம்4 ஸ்க்ரூ நுழையணும். சைடு கதவு ஓட்டை, கிராஃபிக்ஸ் கார்டு பட்டையோட வெட்டு, ரெண்டுலயும் ஸ்க்ரூவை சும்மா விட்டுப் பாத்துட்டு அப்பறம் டேப்பை எடுங்க. நுழையலன்னா அரத்தால லேசா பெருசாக்கலாம், கதவை மட்டும். கார்டுல அரம் போடாதீங்க.

டூல் வாங்கி இந்த ஒரு ஓட்டைக்காக செலவு பண்ண மனசில்லன்னா வெறும் கேபினட்டைத் தூக்கிட்டு பக்கத்து லேத் பட்டறைக்குப் போங்க. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் பட்டறைக்குப் பஞ்சமே இல்ல. "இதுல எம்4 டேப்பு போட்டுத் தாங்கண்ணே"ன்னா அவங்களுக்கு டீ குடிக்கிற நேரத்து வேலை. அவங்ககிட்ட ரிவெட் நட்டு போடுற கன் இருந்தா இன்னும் சோக்கு. ரிவெட் நட்டுன்னா மெல்லிசு தகட்டுக்குன்னே செஞ்சது, முன்பக்கத்துல இருந்தே ஓட்டைல சொருகி கன்னால இழுத்தா பின்னாடி பூ மாதிரி விரிஞ்சு தகட்டைக் கவ்விக்கும், மரையும் ஆழமா கெடைக்கும். எம்3-க்கு 5 எம்எம் ஓட்டையும் எம்4-க்கு 6 எம்எம் ஓட்டையும் போடணும், அதனால ஓட்டையைச் சுத்தி தகடு போதுமான அளவு இருக்குதான்னு பாத்துக்கோங்க. அலுமினியம் கதவு வேலைக்காரங்க வெச்சிருக்குற பாப் ரிவெட் கன் இதுக்கு ஆகாது, அது வேற.

ஸ்டாண்ட்ஆஃப் சுத்துனா

மதர்போர்டு ஸ்க்ரூவைக் கழட்டும்போது ஸ்க்ரூவோட சேந்து அடியில இருக்குற பித்தளை ஸ்டாண்ட்ஆஃபும் சுத்தும், ஸ்க்ரூ வெளியவே வராது. மத்த ஸ்க்ரூ எல்லாத்தையும் கழட்டிட்டு, போர்டோட அந்த ஓரத்தை ரொம்ப லேசா தூக்கி, நோஸ் பிளேயரால ஸ்டாண்ட்ஆஃபைப் புடிச்சுக்கிட்டு கழட்டுங்க. ஒண்ணு முழுசா மேல கழண்டு வந்துடுச்சுன்னா போர்டோடவே எடுத்து வெளிய வெச்சு கழட்டலாம், இதுதான் பெரும்பாலும் நடக்கும். துரு பிடிச்சிருந்தா எண்ணெயை ஸ்ப்ரே அடிக்காதீங்க, குச்சி முனைல ஒரு சொட்டு எடுத்து ஸ்க்ரூ தலைல வெச்சுட்டு கொஞ்ச நேரம் விடுங்க.

மதர்போர்டு உக்கார்ற கேபினட் தட்டுல இருக்குற ஓட்டைல மரை போயிருந்தா, அடிப்பக்கம் எம்3 மரை இருக்குற ஸ்டாண்ட்ஆஃபை வாங்கி அந்த ஓட்டைல விட்டு, பின்பக்கம் வாஷரும் நட்டும் போட்டுடுங்க. ரெண்டு விஷயம் இங்க முக்கியம். உயரம் மத்த ஸ்டாண்ட்ஆஃபோட ஒரே மட்டமா இருக்கணும், அரை எம்எம் வித்தியாசம் கூட போர்டை வளைக்கும், ஒரு ஸ்கேலை ரெண்டு மேல படுக்க வெச்சா தெரிஞ்சுடும். ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்குறதுனால ஸ்டாண்ட்ஆஃப் இங்கயும் அங்கயும் நகரும், அதனால நட்டை லூஸா விட்டு, போர்டை மேல வெச்சு எல்லா ஸ்க்ரூவையும் லைன் பாத்துட்டு அப்பறம் பின்பக்கம் டைட் கொடுங்க. தேவையில்லாத எடத்துல ஒரு ஸ்டாண்ட்ஆஃபை மறந்து விட்டுட்டா அது போர்டுக்கு அடியில முட்டி ஷார்ட் ஆகும், எண்ணிப் பாருங்க.

இதுல மட்டும் கை வைக்காதீங்க

பவர் சப்ளையோட ஸ்க்ரூ மரை கேபினட்ல இல்ல, பவர் சப்ளை பெட்டியிலயே இருக்குது. அங்க டேப்பும் வேணாம், ட்ரில்லும் வேணாம், நீள ஸ்க்ரூவும் வேணாம். இரும்புத்தூள் உள்ள போனா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல, உள்ள இருக்குற கெப்பாசிட்டர் வயரைப் புடுங்குன அப்பறமும் ஷாக் அடிக்கிற அளவுக்கு சார்ஜ் வெச்சிருக்கும், அதனால பெட்டியைத் தொறந்து பின்னாடி நட்டு வைக்கிறேன்னு கெளம்பாதீங்க. நாலுல ஒண்ணு போச்சுன்னா மூணு வெச்சு ஓட்டுங்க, கீழ பவர் சப்ளை உக்கார்ற மாடலா இருந்தா ரெண்டு நின்னாலும் அதுவா தாங்கிக்கும். மேல தொங்குற பழைய மாடல்னா அடியில ஒரு எல் பட்டை குடுத்துத் தாங்கல் வைக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கும் அதே மாதிரி. பக்கவாட்டு ஓட்டை போச்சுன்னா அடிப்பக்கம் ஓட்டை இருக்குது, அதுல மாட்டுங்க. நீள ஸ்க்ரூ போட்டா உள்ள எதையாவது போய் முட்டும். எஸ்எஸ்டிக்கு ரெட்டைப் பக்க டேப்பு போட்டு ஒட்டிடலாம், அதுக்கு எதுவும் ஆகாது. போர்டுல நேரா மாட்டுற குட்டி எம்.2 எஸ்எஸ்டியோட ஸ்க்ரூ இன்னும் சின்னது, எம்2, அதுல மரை போச்சுன்னா அந்தக் குட்டி ஸ்டாண்ட்ஆஃபையே கழட்டி மாத்திடலாம், ரிச்சி ஸ்ட்ரீட்டுல செட்டா விக்கிறாங்க.

பிளாஸ்டிக்கும் ஃபேனும்

முன்பக்க பிளாஸ்டிக் முகப்புல ஸ்க்ரூ ஏறுற தூணு லூஸாயிடுச்சுன்னா ஊதுபத்திக் குச்சியையோ பல் குத்துற குச்சியையோ சின்னதா வெட்டி ஓட்டைக்குள்ள ஓரமா விட்டு, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, காஞ்ச அப்பறம் ஸ்க்ரூவை ஏத்துனா நல்லா புடிக்கும். ஃபெவிக்விக் ஈரமா இருக்கும்போதே ஸ்க்ரூவைப் போட்டுடாதீங்க. தூணே வெடிச்சிருந்தா வெளிப்பக்கம் நூலை நெருக்கமா சுத்தி மேல அரால்டைட் பூசுங்க.

ஃபேன்ல மரை போறது ஒரு விஷயமே இல்ல. 120 எம்எம் ஃபேனோட ஓட்டைல எம்4 போல்ட்டு நுழையும், பின்னாடி ஒரு நட்டு போட்டா முடிஞ்சுது. ரொம்ப டைட் பண்ணாதீங்க, ஃபேனோட சட்டம் வளைஞ்சா இறக்கை உரசி கரகரன்னு சத்தம் வரும். கேபிள் டை போட்டு நாலு மூலையையும் கட்டுனாக் கூட ஃபேனு ஓடும், அசிங்கமா இருக்கும், அவ்ளோதான்.

தூளை எடுக்குறதும் துருவைத் தடுக்குறதும்

அரம், டேப்பு முடிஞ்ச உடனே வாயால ஊதாதீங்க, தூள் கண்ணுல பூந்துடும், மிச்சம் கேபினட் மூலைக்குப் போய் ஒளிஞ்சுக்கும். ஒரு காந்தத்தை பாலித்தீன் கவருக்குள்ள போட்டு அந்த இடத்துல எல்லாம் தடவுங்க, தூள் கவருல ஒட்டும், கவரை உல்ட்டாவா உரிச்சா தூளும் அதோட வந்துடும். ஹார்ட் டிஸ்க் பக்கத்து டேபிள்ல இருந்தா அதைத் தூரமா வெச்சுட்டு இதைப் பண்ணுங்க. அப்பறம் பழைய பெயிண்ட் பிரஷ், அதுக்கும் மேல ஈரத்துணி, நல்லா காய விட்டுட்டுத்தான் போர்டை உள்ள வைக்கணும்.

புதுசா அறுத்த மரைல ஜிங்க் பூச்சு இல்ல, வெறும் இரும்பு. நம்ம கடல் காத்துக்கு ஒரு மழைக்காலம் போதும், செவந்துடும். அதனால மரைக்குள்ள ஒரு சொட்டு எண்ணெய் வெச்சு தொடச்சுடுங்க, சொரண்டுன எடத்துக்கு நெயில் பாலிஷ் ஒரு கோட்டு அடிச்சுடுங்க, ஸ்டாண்ட்ஆஃப் உக்கார்ற எடத்துல மட்டும் அடிக்காதீங்க, அங்க உலோகமும் உலோகமும் தொட்டாத்தான் எர்த் போவும். அடிக்கடி கழட்டுற கதவுக்கு துருப்புடிக்காத எஸ்எஸ் ஸ்க்ரூ வாங்கிப் போடுங்க, அதே கடைலயே கெடைக்கும்.

எல்லாத்தையும் திரும்ப மாட்டும்போது ரெண்டாம் நம்பர் ஸ்டார் திருப்புளி, கையால. ஸ்க்ரூ தலை தகட்டைத் தொட்ட அப்பறம் கால் சுத்து, அதுக்கு மேல வேணாம். சரி பண்ண ஓட்டைல ஸ்க்ரூவைப் போட்டுட்டு கேபினட்டை லேசா ஒரு ஆட்டு ஆட்டுங்க, உள்ள எதுவும் உருளுற சத்தம் வரலன்னா பவர் வயரைச் சொருகலாம்.